வரைபட நிரலாக்கமும் வாசிக்கும் உரிமையும்: அளவீட்டுத் தொகுதிகள் பற்றிய சில குறிப்புகள்

எழுத்தின் வரலாற்றைப் பற்றி நம்மிடையே எழுதப்பட்டவை பெரும்பாலும் கல்வெட்டு, ஏடு, அச்சு என்ற வரிசையிலே செல்வன. பொறியியலாளர் வரையும் படமும், மின்வேலை செய்வோர் சுவரில் ஒட்டிவைத்திருக்கும் சுற்றுப்படமும் எழுத்து என்ற கணக்கில் வருவதில்லை. அவற்றைத் தொழில்நுட்பத்தாருக்குரியவை என ஒதுக்கிவிடுவதே இலக்கிய மாணவரின் வழக்கம். ஆயின், ஒரு சமூகம் தன் உழைப்பை ஒழுங்குசெய்வதற்கும் அவ்வொழுங்கினைப் பிறர்க்குக் கையளிப்பதற்கும் கண்ட சாதனங்களுள் எழுத்தும் ஒன்று என ஏற்றுக்கொள்வோமாயின், இவ்வொதுக்கல் நியாயமற்றதாகிவிடும். கடந்த நாற்பது ஆண்டுக்காலமாக ஆய்வுகூடங்களிலும் இலத்திரனியல் தொழிற்சாலைகளிலும் படமாகவே எழுதப்பட்டுப் படமாகவே வாசிக்கப்பட்டு வரும் ஒருவகை எழுத்து உண்டு. அளவிடும் கருவிகளையும் சோதனைத் தொகுதிகளையும் இயக்குவதற்கான வரைபட நிரலாக்கமே அது. அது எவ்வாறு தொழிற்படுகிறது என விளக்குவதும், அதனை எழுதுவோர் யார், வாசிக்க இயலுமானோர் யார் என்னும் வினாவை எழுப்புவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். இவை இரண்டும் வெவ்வேறு விடயங்கள் அல்ல என்பது நமது கருத்து.

முதலில் ஓர் எடுத்துக்காட்டினை வைத்துக்கொள்வோம். 5 வோல்ற்று தரவேண்டிய சிறு வலுவழங்கி ஒன்றினைத் தொழிற்சாலை செய்து முடித்துள்ளது. அதிலிருந்து பெறப்படும் மின்னோட்டத்தைப் பூச்சியத்திலிருந்து 2 அம்பியர் வரை, ஒவ்வொரு படியும் 0.1 அம்பியராக உயர்த்திச் செல்லவேண்டும், ஒவ்வொரு படியிலும் வோல்ற்றளவை வாசிக்கவேண்டும், அது 4.75 இற்கும் 5.25 இற்கும் இடையில் நிற்கின்றதா எனப் பார்க்கவேண்டும். மொத்தம் 21 வாசிப்புகள். ஒரு காலத்தில் இதனை ஒருவர் கையாற் குமிழைத் திருப்பி, மானியின் முள்ளைக் கண்ணாற் பார்த்து, பேனாவால் அட்டவணையில் எழுதிச் செய்தார். ஒரு வலுவழங்கிக்கு இது பொருந்தும். நாளொன்றுக்கு ஆயிரம் வலுவழங்கிகள் வெளிவரும் தொழிற்சாலைக்கு இது பொருந்தாது என்பது வெளிப்படை.

கருவிகளைக் கணினியுடன் இணைப்பதற்கான பொது வழியொன்றை 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஹியூலெற் பக்கார்ட் கம்பனி உருவாக்கியது. 1975 இல் அது ஐ.ஈ.ஈ.ஈ. 488 என்னும் நியமமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன் பின்னர், எவர் செய்த வோல்ற்றுமானியாயினும் எவர் செய்த அலைவுகாட்டியாயினும் ஒரே வடத்தில் இணைந்து கணினியின் கட்டளையைக் கேட்கும் நிலை தோன்றிற்று. இந்த நியமத்தைக் கொண்டே ஒரு புதிய கம்பனியும் தோன்றிற்று. டெக்சாஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரில், பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆராய்ச்சிக் கூடமொன்றிலே அமெரிக்கக் கடற்படைக்கான ஒலிவழித் தேடற் கருவிகள் தொடர்பான பணியில் ஈடுபட்டிருந்த ஜேம்ஸ் ட்ருச்சார்ட், ஜெஃப் கொடொஸ்கி, வில்லியம் நோவ்லின் ஆகிய மூவரும் 1976 இல் நஷனல் இன்ஸ்ட்ருமென்ற்ஸ் என்ற பெயரில் ஒரு கம்பனியை நிறுவினர். கருவிகளையும் கணினியையும் இணைக்கும் அட்டைகளே அதன் தொடக்ககால வணிகப் பொருள். இராணுவ நிதியால் வளர்க்கப்பட்ட பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றின் அனுபவம் தனியார் சரக்காக மாறிய பல கதைகளுள் இதுவும் ஒன்று எனக் கூறிக் கடந்து செல்லலாம். நமக்கு முக்கியமானது அடுத்து நிகழ்ந்ததே.

வடம் வந்துவிட்டது, ஆயின் கட்டளையை எழுதுவது யார்? பௌதிகவியலாளருக்கும் சோதனைப் பொறியியலாளருக்கும் எதனை, எப்போது, எவ்வொழுங்கில் அளக்கவேண்டும் என்பது தெரியும். கணினி மொழியில் வரிவரியாக எழுதும் பயிற்சி அவர்களிற் பலருக்கு இல்லை. எனவே அளப்பவர் ஒருவர், அளவையை நிரலாக எழுதுபவர் மற்றொருவர் எனத் தொழில் பிரியலாயிற்று. உழைப்பில் எண்ணுதலும் செய்தலும் வேறாக்கப்படுவதே முகாமைத்துவத்தின் அதிகாரத்துக்கு அடித்தளம் என்று ஹரி பிரேவர்மன் 1974 இல் வெளிவந்த தமது நூலில் விரிவாகக் காட்டினார். அவர் கூறிய பிரிவு தொழிற்சாலைத் தளத்தில் மட்டுமன்றி ஆய்வுகூட மேசையிலும் நிகழ்ந்தது என்பதே இங்கு குறிப்பிடத்தக்கது. அளவையின் நுட்பத்தை அறிந்தவர், தாம் அளக்கும் முறையைத் தாமே வாசித்துச் சரிபார்க்க இயலாதவராகின்றார்.

இப்பிரிவினைக் கடப்பதற்கே கொடொஸ்கியும் அவருடைய துணைவர்களும் 1983 அளவில் முயலத் தொடங்கினர். பொறியியலாளர் தாளில் வரையும் கட்டப்படத்தையே நிரலாக ஓடச்செய்யலாகாதா என்பது அவர்களின் வினா. 1986 அக்டோபரில் லாப்வியூ என்னும் பெயரில், அப்பிள் கம்பனியின் மக்கின்ரோஷ் கணினிக்கென அது வெளிவந்தது. 1990 இல் வந்த இரண்டாம் பதிப்பு படத்தை நேரடியாக இயந்திர மொழிக்கு மாற்றி விரைவாக ஓடச்செய்தது. 1992 அளவில் அது வேறு கணினிகளுக்கும் பரவிற்று. இம்மொழிக்கு 'ஜீ' என ஓரெழுத்துப் பெயரும் உண்டு.

இதனைத் தனிமேதை ஒருவரின் திடீர்க் கண்டுபிடிப்பாகக் கொள்ளலாகாது. படத்தையே நிரலாக்கும் எண்ணத்தை மசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் பேர்ட் சதர்லாந்து 1966 இல் தமது கலாநிதிப் பட்ட ஆய்விற் செய்துகாட்டியிருந்தார். அதனினும் நம் கவனத்துக்குரியது தொழிற்சாலையில் நிகழ்ந்த மற்றொரு முயற்சி. 1968 இல் ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனியின் ஒரு பிரிவு, ஆளியிணைப்புக் கம்பிகள் நிறைந்த தனது பெருங் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்குப் பதிலாக எளிதில் மாற்றத்தக்க இலத்திரனியற் கருவியொன்றினைக் கேட்டது. அதன் விளைவாக 1969 இல் மொடிகொன் என்னும் கட்டுப்படுத்தி வந்தது. அதனை இயக்குவதற்கான நிரல் ஏணிப்படத்தின் வடிவில் அமைந்தது. காரணம் எளியது. தொழிற்சாலையின் மின்வினைஞர் பல்லாண்டுகளாக ஏணிப்படங்களை வாசித்து வந்தவர்கள். இரவு இரண்டு மணிக்கு இயந்திரம் நின்றுவிட்டால் அதனைத் திருத்தவேண்டியவர்களும் அவர்களே. புதிய கருவி பழைய வாசகரின் எழுத்தறிவை மதிக்கவேண்டியிருந்தது. தொழிலாளர் கைக்கொண்டிருந்த வாசிப்புத் திறன் ஒரு தொழில்நுட்பத்தின் வடிவத்தையே நிர்ணயித்த தெளிவான சான்று இது. இது போதிய கவனம் பெறவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

இனி லாப்வியூ எவ்வாறு எழுதப்படுகிறது என நோக்குவோம். அதில் எழுதப்படும் ஒவ்வொரு நிரலும் 'மெய்நிகர் கருவி' எனப்படும். அதற்கு இரு முகங்கள் உண்டு. ஒன்று முன்தட்டு. குமிழ், ஆளி, மானி, வரைபுத்தாள் ஆகியவற்றின் உருவங்கள் இங்கு காணப்படும்; ஆய்வுகூட மேசையிலுள்ள கருவியொன்றின் முகத்தைப் போலவே இது இருக்கும். மற்றையது கட்டப்படம். முன்தட்டிலுள்ள ஒவ்வொரு குமிழும் மானியும் இங்கு ஒரு முனையமாகத் தோன்றும். கூட்டல், ஒப்பிடல், கருவியிலிருந்து வாசித்தல் போன்ற வினைகள் சிறு சதுரங்களாக இருக்கும். இவற்றை இணைப்பன கம்பிகள். கம்பியின் நிறம் அதில் ஓடும் தரவின் இனத்தைக் காட்டும்: தசம எண்ணுக்குச் செம்மஞ்சள், முழுவெண்ணுக்கு நீலம், ஆம்–இல்லை என்பதற்குப் பச்சை, எழுத்துத் தொடருக்கு இளஞ்சிவப்பு. ஒற்றை எண் மெல்லிய கம்பியிலும் எண்களின் நிரை தடித்த கம்பியிலும் செல்லும். இனம் பொருந்தாத இரு முனைகளை இணைத்தால் கம்பி முறிந்ததாகக் காட்டப்படும், அந்நிரல் ஓடாது. ஒருமுறை எழுதி முடித்த கருவி தானே ஒரு சதுரமாகச் சுருங்கி மற்றொரு கருவியின் கட்டப்படத்தினுள் அமரும். இவ்வாறு ஒன்றினுள் ஒன்றாகப் பெருந் தொகுதிகள் கட்டப்படுகின்றன. சுவிற்சர்லாந்திலுள்ள செர்ன் ஆய்வகத்துப் பெருந் துணிக்கை மோதியில், கற்றையின் விளிம்பிற் சிதறும் துணிக்கைகளைத் தடுக்கும் ஏறத்தாழ நூறு தடுப்புக் கருவிகளின் அசைவு இம்மொழியில் எழுதப்பட்ட நிரல்களாற் கட்டுப்படுத்தப்பட்டது.

இவ்வெழுத்தின் அடிப்படை இயல்பு அதன் ஒழுங்கில் உள்ளது. வரிவரியாக எழுதப்படும் நிரலில் மேலே உள்ளது முன்னரும் கீழே உள்ளது பின்னரும் நிகழும். கட்டப்படத்தில் இடத்துக்கு அத்தகைய அதிகாரம் இல்லை. ஒரு சதுரத்துக்கு வரவேண்டிய தரவுகள் அனைத்தும் வந்துசேர்ந்த கணத்திலே அச்சதுரம் வினையாற்றும். தன் விளைவை அடுத்த கம்பியில் அனுப்பும். தரவின் ஓட்டமே ஒழுங்கினைத் தீர்மானிக்கிறது. தமிழ் இலக்கணம் பயின்றோருக்கு இது முற்றிலும் புதுமையான எண்ணம் அன்று. நன்னூலார் கூறும் எண்வகைப் பொருள்கோள்களை நினைவுகூர்க. ஆற்றுநீர்ப் பொருள்கோளில் எழுதிய ஒழுங்கே பொருளின் ஒழுங்கு. கொண்டுகூட்டில், சொல் எங்கு நிற்கிறது என்பதன்று, எதனோடு சென்று பொருந்துகிறது என்பதே பொருளைத் தரும். அடிமறிமாற்றிலோ அடிகளை முன்பின்னாக எவ்வாறு மாற்றினும் பொருள் வழுவாது. வரிநிரல் ஆற்றுநீரைச் சாரும். கட்டப்படம் இயல்பாகவே கொண்டுகூட்டு. ஒன்றையொன்று சாராத இரு பகுதிகள் அதில் இருப்பின் அவை அடிமறிமாற்றுப் போல எவ்வொழுங்கிலும், ஒரே காலத்திலும் நிகழலாம். ஒப்புமையை இதற்கு மேல் இழுப்பது பொருந்தாது. செய்யுளைக் கொண்டுகூட்டிப் பொருள் காண்பவர் உரையாசிரியர். கட்டப்படத்தைக் கொண்டுகூட்டி இயக்குவது இயந்திரம். உரையாசிரியர் தவறான கூட்டத்தைக் கண்டு ஐயுறுவார். இயந்திரத்துக்கு ஐயம் எழாது.

இந்த வேறுபாடு எத்துணைப் பாரதூரமானது என்பதை நமது வலுவழங்கியைக் கொண்டே காட்டலாம். 21 முறை சுழலவேண்டிய வினையை ஒரு பெட்டியாக வரைகிறோம். பெட்டிக்குள் இருக்கும் எல்லாம் 21 முறை நிகழும். பழைய தரவோட்டப் படங்களிற் சுழற்சியை வளைந்து திரும்பும் அம்புகளாற் குறித்தனர். அவை வாசகரைக் குழப்பின. சுழற்சியைப் பெட்டியாக அடைத்தமையே கொடொஸ்கி இத்துறைக்கு அளித்த முக்கியமான பங்களிப்பு என்பர். ஒரு சுற்றின் முடிவை அடுத்த சுற்றுக்குக் கையளிக்கவேண்டுமாயின் பெட்டியின் வலக்கரையில் அதனை வைத்தால் அடுத்த சுற்றில் இடக்கரையில் அது தோன்றும். பெட்டிக்குள் சுற்றின் இலக்கத்தை 0.1 ஆற் பெருக்கிச் சுமைக் கருவிக்கு அனுப்புகிறோம். அருகில் வோல்ற்றுமானியை வாசிக்கும் சதுரத்தை வைக்கிறோம். அதன் விளைவு பெட்டியின் கரையைக் கடந்து வெளியேறும்போது 21 எண்களின் நிரையாகத் திரண்டு வரைபுத்தாளுக்குச் செல்கிறது. படம் அழகாக இருக்கிறது. ஓடவும் செய்கிறது. ஆயின் அது பிழையான நிரல்.

ஏன்? சுமையை உயர்த்தும் சதுரத்துக்கும் வோல்ற்றளவை வாசிக்கும் சதுரத்துக்கும் இடையில் எந்தக் கம்பியும் இல்லை. சுமையை உயர்த்திய பின்னரே வாசிக்கவேண்டும் என்பது எழுதியவரின் மனத்தில் இருந்தது. இடப்புறத்தில் ஒன்றையும் வலப்புறத்தில் மற்றொன்றையும் வைத்தமையால் அது படத்திலும் இருப்பதாக அவர் எண்ணினார். இயந்திரம் வாசிப்பினை முதலிற் செய்துவிடலாம். அப்போது பெறப்படுவது முந்திய படியின் வோல்ற்றளவு. உள்தடை 0.13 ஓம் உடைய குறைபாடான வலுவழங்கி ஒன்று 2 அம்பியரில் 4.74 வோல்ற்றுக்கு இறங்கும்; அது தள்ளப்படவேண்டியது. 1.9 அம்பியரில் அது 4.753 வோல்ற்றில் நிற்கும். அது எல்லைக்குள் அடங்கும். ஆகவே ஒரு கம்பி இல்லாமையால், தள்ளவேண்டிய பொருள் தேறிய பொருளாகக் கடைக்குச் செல்கிறது. எந்த எச்சரிக்கையும் எழாது. முறிந்த கம்பி ஏதும் காட்டப்படாது.

இதற்கான வழக்கமான பரிகாரம் பிழைக்கம்பி எனப்படுவது. கருவியோடு பேசும் ஒவ்வொரு சதுரத்துக்கும் 'பிழை உள்வரவு', 'பிழை வெளிச்செலவு' என இரு முனைகள் உண்டு. முன் சதுரத்தின் வெளிச்செலவைப் பின் சதுரத்தின் உள்வரவோடு இணைத்தால் இரண்டு பயன்கள் கிடைக்கும். முன்னது பழுதுற்றிருந்தால் பின்னது தன் வினையைச் செய்யாது செய்தியை மட்டும் கடத்திவிடும். அதனினும் முதன்மையாக, கம்பி வந்துசேரும் வரை பின்னது காத்திருக்கும். சுமை, பின்னர் மின்னோட்டம் நிலைகொள்வதற்கான சிறு காத்திருப்பு, பின்னர் வாசிப்பு என்று ஒரு நூலிற் கோத்தது போல ஒழுங்கு அமைந்துவிடும். காலத்தை வரிசையாகக் காட்டுவதற்குச் சினிமாச் சுருள் போன்ற சட்டங்களும் இம்மொழியில் உண்டு. அனுபவமுள்ளோர் அவற்றை விரும்புவதில்லை. சட்டம் ஒழுங்கைச் சுமத்துகிறது. கம்பியோ ஒழுங்கு ஏன் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. கம்பியின்றி ஒரே மாறியைப் பல இடங்களிலிருந்து எழுதவும் வாசிக்கவும் விடும் வழியும் உண்டு. எது முந்தும் என்று சொல்லமுடியாத பிழைகளுக்கு அதுவே தாய்வீடு.

மேற்கூறியது ஓர் உண்மையை நமக்குப் புலப்படுத்தும். படம் தன்னைத் தானே விளக்கும், மொழி பயிலாதவரும் அதனை வாசிப்பர் என்று விளம்பரத்தார் கூறுவது மெய்யன்று. இங்கிலாந்தைச் சேர்ந்த தோமஸ் கிறீன், மரியன் பெற்றே ஆகியோர் 1990களின் தொடக்கத்திற் செய்த ஆய்வுகள் இதனைச் சோதித்துப் பார்த்தன. நிபந்தனைகள் நிறைந்த நிரல்களைப் புரிந்துகொள்வதற்கு வரிநிரலைக் காட்டிலும் வரைபட நிரலே கூடிய நேரம் எடுத்தது. எழுதியதைத் திருத்துவதற்கும் பன்மடங்கு நேரம் சென்றது. ஒரு சதுரத்தை நடுவிற் செருகுவதற்காகப் பத்துக் கம்பிகளை விலக்கி மீண்டும் கட்டவேண்டியிருந்தது. பெற்றே மேலும் ஒன்றைக் கண்டார். தேர்ந்தோர் படத்தை வாசிக்கும்போது கம்பிகளை மட்டும் வாசிப்பதில்லை. எது எதன் அருகில் இருக்கிறது, எங்கு வெற்றிடம் விடப்பட்டிருக்கிறது, எவை ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன என்பவற்றையும் வாசிக்கின்றனர். இவை இயந்திரத்துக்குப் பொருளற்றவை, வாசகருக்குப் பொருளுடையவை. புதியவர்களோ இவ்விடக் குறிப்புகளைப் பிழையாக இட்டும் பிழையாக வாசித்தும் இடர்ப்படுகின்றனர். செய்யுளிற் சீர்பிரிப்புக்கும் அச்சில் இடைவெளிக்கும் உள்ள பணி போன்றதே இது. எழுத்தறிவு என்பது எப்போதும் ஒரு சமூகத்தினுட் பயின்று பெறப்படுவது. படம் இதற்கு விலக்கன்று.

எனினும், இம்முறையின் உண்மையான வலிமையையும் மறைத்தல் கூடாது. நிரல் ஓடும்போதே மின்குமிழ்ப் படமொன்றை அழுத்தினால், கம்பிகளின் வழியே தரவுகள் சிறு புள்ளிகளாக ஊர்ந்து செல்வதைக் காணலாம். எந்தக் கம்பியிலும் சோதனை முனையை வைத்து அக்கணத்து மதிப்பை வாசிக்கலாம். வோல்ற்றுமானியின் முனையைக் கம்பியில் வைத்துப் பழகிய கைக்கு இது அந்நியமன்று. அளவிடும் தொழிலின் அன்றாடச் செயலே நிரலைத் திருத்தும் செயலாகவும் மாறுகிறது. வரிநிரலாளரின் உதவியின்றித் தமது பரிசோதனையைத் தாமே எழுதி, தாமே திருத்திய பௌதிகவியலாளரும் உயிரியலாளரும் பலர். எண்ணுதலும் செய்தலும் ஓரளவுக்கேனும் மீண்டும் ஒருவரிடத்தே சேர்ந்தன. இது சிறு விடயமன்று. தொழில்நுட்பம் யாவும் மூலதனத்தின் கையாயுதமே என்று ஒரே வாக்கியத்திற் கூறி அமைவோர் இதனை விளக்கவேண்டியவராவர்.

ஆயின் அதே கட்டப்படம் தொழிற்சாலைத் தளத்துக்குச் செல்லும்போது நிகழ்வது வேறு. எழுதி முடித்த கருவியை, கணினியில் தனித்தோடும் கோப்பாக மாற்றி உற்பத்தி வரிசையில் வைப்பர். அம்மாற்றத்தின்போது கட்டப்படம் பொதுவாக நீக்கப்பட்டுவிடும். முன்தட்டு மட்டும் எஞ்சும். வேண்டுமாயின் கட்டப்படத்தைக் கடவுச்சொல்லாலும் பூட்டலாம். சோதனை மேசையிலிருக்கும் தொழிலாளிக்குத் தெரிவது ஒரு பெரிய பொத்தானும் பச்சையாகவோ சிவப்பாகவோ ஒளிரும் ஒரு விளக்கும். அவர் பொருளைச் செருகுகிறார், அழுத்துகிறார், எடுத்து வைக்கிறார். எதனை அளக்கிறோம், எல்லை எது, ஏன் அந்த எல்லை என்பன அவருக்கு மறைக்கப்பட்டுள்ளன. நமது எடுத்துக்காட்டின் விடுபட்ட கம்பியைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பும், தேறியவை எனச் சென்றவை திரும்பி வருவதை முதலிற் காணும் அனுபவமும் ஒருவேளை அவரிடமே இருக்கும். வாசிக்கும் உரிமை மட்டும் அவரிடம் இல்லை.

இவ்விடத்தில் டேவிட் நோபிள் 1984 இல் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வருகிறது. உலோகம் வெட்டும் இயந்திரங்களைத் தானியக்கமாக்குவதற்கு இரு வழிகள் இருந்தன. தேர்ந்த தொழிலாளி ஒருவரின் கையசைவை நாடாவிற் பதிந்து மீண்டும் ஓடவிடுவது ஒன்று. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனி 1940களின் பிற்பகுதியில் இதனைச் செய்து பார்த்தது. அலுவலகத்திலிருப்போர் எண்களாகக் கணித்து எழுதுவது மற்றொன்று. அமெரிக்க விமானப்படையின் பணத்தில் வளர்ந்து 1952 இற் காட்சிக்கு வந்தது இது. நிலைத்தது இரண்டாவது. அதற்குத் தொழில்நுட்பச் சிறப்பு மட்டும் காரணமன்று, எழுதும் அதிகாரம் தளத்திலிருந்து அலுவலகத்துக்குச் செல்லவேண்டும் என்ற முகாமையாளரின் விருப்பும் காரணம் என நோபிள் வாதிட்டார். கட்டப்படத்தின் கதை இதனோடு முற்றாக ஒத்ததன்று. கட்டப்படத்தை வரைய இயன்ற தொழிலாளர் இருந்தும் அவர்கள் விலக்கப்பட்டனர் என்று நாம் கூறவில்லை. ஆனால் ஒரே நிரலின் இரு முகங்களுள் ஒன்றை ஒரு வர்க்கத்தாருக்கும் மற்றொன்றை இன்னொரு வர்க்கத்தாருக்கும் பங்கிட்டு வைக்கும் வசதியை இக்கருவி தன்னுள்ளேயே கொண்டுள்ளது. ஏணிப்படத்தின் நிலை இதற்கு நேர்மாறு. இரவு இரண்டு மணிக்கு வந்த மின்வினைஞர் கட்டுப்படுத்தியைத் திறந்து படத்தை வாசிப்பார் என்பதே அதன் பிறப்புக் காரணம்.

எழுதியவருக்கேனும் அவரது எழுத்து முழுமையாக உரித்தானதா என்பது அடுத்த வினா. வரிநிரல் வெறும் எழுத்துக்கோப்பு. எந்தக் கணினியிலும் எந்த மென்பொருளாலும் அதனைத் திறந்து கண்ணால் வாசிக்கலாம், இரு பதிப்புகளை அருகருகே வைத்து வேறுபாடு காணலாம். லாப்வியூக் கோப்பு அத்தகையதன்று. அது கம்பனியின் மென்பொருளாலன்றித் திறக்கமுடியாத இருமக் கோப்பு. புதிய பதிப்பிற் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது. பழையதற்கென வேறாகச் சேமித்துத் தரவேண்டும். படத்தை நிரலாக்கும் முறை மீதே கம்பனி காப்புரிமைகளைப் பெற்றிருந்தது. 1990 இல் வழங்கப்பட்டது அவற்றுள் ஒன்று. சிமுலிங்க் என்னும் வேறொரு வரைபட மென்பொருளை விற்ற மத்வேர்க்ஸ் கம்பனி இக்காப்புரிமைகளை மீறியதென 2003 இல் டெக்சாஸ் நீதிமன்றமொன்றில் யூரர் முடிவு செய்தனர். 2004 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. கட்டங்களையும் கோடுகளையும் இணைத்து எழுதும் ஒரு முறைக்கு உடைமையாளர் இருக்கலாம் என்பது எழுத்தின் வரலாற்றிற் சிந்திக்கவேண்டிய செய்தி.

ஏணிப்படமும் கட்டுப்படுத்திகளுக்கான பிற மொழிகளும் 1993 இல் ஐ.ஈ.சி. நியமமாக வகுக்கப்பட்டன. ஒரு கம்பனியின் ஏணிப்படத்தை வாசிக்கக் கற்றவர் மற்றொரு கம்பனியினதையும் பெருமளவுக்கு வாசிப்பார். 'ஜீ' மொழிக்கு அத்தகைய பொது நியமம் ஏற்படவில்லை. இதில் ஒரு முரண்நகையும் உண்டு. சதுரத்தினுள்ளே ஆழ்ந்து சென்றால், கருவிக்கு உண்மையில் அனுப்பப்படுவது ஓர் எழுத்துத் தொடர்: அளவிடு, வோல்ற்றளவு, நேரோட்டம், வினாக்குறி என்ற வகையிலான சுருக்கச் சொற்கள். இக்கட்டளைச் சொற்கள் 1990 இற் கம்பனிகள் பல கூடி வகுத்த பொது நியமத்தைச் சார்ந்தவை. அடியில் இருப்பது எல்லோருக்கும் பொதுவான எழுத்து. அதன் மேல் எழுப்பப்பட்ட படமே தனியுடைமை.

தனியுடைமையின் விளைவுகள் காலப்போக்கில் வெளிப்பட்டன. கம்பனி 2017 இல் புதிய தலைமுறைப் பதிப்பென ஒன்றைத் தனியாக வெளியிட்டது. 2020 இல் அதனைக் கைவிடுவதாக அறிவித்தது. அதனை நம்பி எழுதியவர்கள் மீண்டும் எழுதவேண்டியவராயினர். அதே 2020 இல் வணிக நோக்கமற்ற சொந்தப் பயனுக்கு இலவசப் பதிப்பொன்று தரப்பட்டது என்பதையும் நேர்மையாகக் குறிப்பிடவேண்டும். 2022 தொடக்கத்தில் நிரந்தர அனுமதி விற்பனை நிறுத்தப்பட்டு ஆண்டுச் சந்தா முறை வந்தது. பயன்படுத்துவோரின் எதிர்ப்புக்குப் பின்னர் நிரந்தர அனுமதி மீண்டும் விற்கப்படலாயிற்று. 2023 அக்டோபரில் எமெர்சன் கம்பனி ஏறத்தாழ 820 கோடி டொலருக்கு நஷனல் இன்ஸ்ட்ருமென்ற்ஸை முழுமையாக வாங்கிக்கொண்டது. அளவீட்டு நிரல்களைப் பைதன் போன்ற கட்டணமற்ற வரிமொழிகளில் எழுதும் போக்கு இக்காலப்பகுதியில் ஆய்வுகூடங்களில் வலுப்பெற்றது. படத்தைக் காட்டிலும் வரி எளிது என்பதால் மட்டும் அது நிகழ்ந்ததாகக் கொள்வதற்கில்லை. பிழைக்கம்பியின் தேவையை உணர்ந்து, இடக் குறிப்புகளை வாசிக்கப் பயின்ற ஒரு தலைமுறை, தான் பயின்ற எழுத்தறிவைக் கைவிட்டு வேறொன்றைப் பயிலவேண்டியதாயிற்று.

இந்நிலையில் இம்முறையிலே தொகுதிகளைக் கட்டும் ஆய்வுகூடங்கள் சில எளிய வழக்கங்களைக் கைக்கொள்ளலாம். கட்டப்படங்களை ஒவ்வொரு பதிப்பிலும் படமாக அச்சிட்டு ஆய்வுக் குறிப்பேட்டோடு சேர்த்து வைத்தல் ஒன்று. கருவிகளுக்கு அனுப்பப்படும் கட்டளைத் தொடர்களையும், தேர்ச்சியின் எல்லைகளையும், அவ்வெல்லைகளுக்கான காரணத்தையும் சாதாரண எழுத்துக்கோப்பில் வேறாக எழுதி வைத்தல் மற்றொன்று. இரண்டாவதனைச் சோதனை மேசையிலிருப்பவரின் கைக்கெட்டும் இடத்தில், அவர் வாசிக்கும் மொழியில் வைப்பதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை.